மூன்றாவது சீசனும் என் தங்கையும்

என் தங்கை கணுக்காலை உடைத்துக்கொண்டு ஷார்ஜாவிலிருந்து வந்தபோது ஜூன் மழை பிடித்திருந்தது. வேலை பார்க்கும் இடத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். இடது காலில் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. அங்கே அவள் பதினெட்டு வருடமாக நர்ஸ். நாற்பத்திரண்டு வயதாகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லாததால், விடுப்பில் வந்தால் கருங்கல் பக்கத்தில் இருக்கிற என் வீட்டில்தான் தங்குவாள். எப்போதும் பதினைந்து நாளில் திரும்பிவிடுகிறவள் இந்த முறை மூன்று மாதம் இருக்க வேண்டியதாயிற்று.

நானும் நர்ஸ்தான், அவளுக்கு மூன்று வயது மூத்தவள். கருங்கலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரை எனக்கு டியூட்டி. ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற என் கணவர் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருவார். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அதனால் மத்தியானங்களில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கிடப்பாள். நான் எதையாவது கழுவிக்கொண்டோ மடித்துக்கொண்டோ நடந்துகொண்டிருப்பேன். உட்காருவது எனக்கு வராது. உட்கார்ந்தால் ஏதோ மறந்துபோன மாதிரி இருக்கும், எழுந்துவிடுவேன்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்து குடையை மடக்கும்போதே உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"எக்கா, இஞ்ச வா. இவன் நேத்து செத்தான். இன்னைக்கு இருந்து சாயை குடிக்கான். எனக்கு ஒண்ணும் பிடிகிட்டல்ல."

மகள் விடுமுறைக்கு வந்தபோது டிவியில் பாதி பார்த்து விட்டுவைத்திருந்த சூப்பர்ஹீரோ தொடர் அது. இரும்புக் கையுறை போட்ட ஒரு பெண்தான் நாயகி. அந்தக் கையால் அவள் லாரியைத் தூக்குவாள், சுவரை உடைப்பாள். பாலம் இடிந்து அவளுடைய தம்பி செத்துப்போகிறான். இரண்டாவது சீசனில் அவள் காலத்தில் பின்னால் போய், பாலம் இடிவதற்கு முன்பே அவனை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். என் தங்கை முதல் சீசனைத் தெரியாமல் விட்டுவிட்டு நடுவில் தொடங்கியிருந்தாள். நான் ஈரக் கையோடு சோபாவுக்குப் பின்னால் நின்று அரை மணி நேரம் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அன்றைக்கு மீன் கழுவ நேரமாகிவிட்டது.

மகளுக்கு போன் செய்து கேட்டேன்.

"அம்மா, அது வேற டைம்லைன். ரொம்ப யோசிக்காத, சும்மா பாரு" என்றாள்.

சும்மா பார்க்கிற ஆள் இல்லையே நான். எங்கள் சர்ச் சபையில் கொடுத்த போன வருடக் காலண்டர் சுவரில் அப்படியே கிடந்தது. ஒரு மாதத்தைக் கிழித்துப் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தேன். பாலம், தம்பி, சாவு. பிறகு ஓர் அம்புக்குறி பின்னால் போகிறது. அங்கிருந்து இன்னொரு கோடு.

இரண்டு வாரத்தில் எங்களுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. மூன்று மணிக்குச் சாயை போட்டு, மரச்சீனிக் கிழங்கோ அவலோ எடுத்துக்கொண்டு வருவேன். அவள் ரிமோட்டை அழுத்துவாள். முதல் சீசனிலிருந்து ஒழுங்காக மறுபடி பார்த்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நான் நிறுத்தச் சொல்வேன்.

எனக்கு ஒரு விஷயம்தான் தகராறாக இருந்தது. பின்னால் போய் ஒன்றை மாற்றினால், இப்போது இருப்பது என்ன ஆகும்? ஒரே கயிறு என்றால், அங்கே முடிச்சை அவிழ்த்தால் இங்கேயும் அவிழ வேண்டும். தம்பி சாகவில்லை என்றால், அவள் பின்னால் போகக் காரணமே இல்லை. காரணம் இல்லையென்றால் போயிருக்க மாட்டாள். போகவில்லையென்றால் அவன் செத்திருப்பான். இதை நினைத்துக்கொண்டே ஒருநாள் கறியில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

தங்கை இவ்வளவு அலட்டிக்கொள்ளவில்லை. "கயிறு இல்லக்கா, மரம். ஒரு கொம்பு ரெண்டாப் பிரியுது. இவ அந்தக் கொம்புக்குப் போனா, அவ்வளவுதான்."

"அப்பம் இந்தக் கொம்பு?"

"இது இஞ்சயேதான் நிக்கும்."

"அப்பம் இஞ்ச அவன் செத்தது செத்ததுதானா?"

"பின்ன?"

மூன்றாவது சீசன் அதைத்தான் சொன்னது. நாயகி காப்பாற்றிக் கூட்டிவந்த பையன் அவளுடைய தம்பி இல்லை. அதே முகம், அதே சிரிப்பு, ஆனால் வேறோர் உலகத்தில் வேறொருத்தியோடு வளர்ந்தவன். இவள் வளர்த்த தம்பி ஆற்றுக்குள் கிடக்கிறான், அதை யாரும் மாற்ற முடியாது. அந்த எபிசோடு முடிந்தபோது நான் எழுந்து போய்ப் பின்வாசலில் நின்றேன். மழை ஓட்டிலிருந்து கயிறு கயிறாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு டிவி தொடருக்காக இப்படி எழுந்து வந்து நிற்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

காரணம் தொடர் இல்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருபத்தைந்து வயதில் வளைகுடா ஆஸ்பத்திரி வேலைக்காகக் கொச்சியில் இண்டர்வியூ நடந்தது. நான் எழுதினேன், பேசினேன். பத்து நாள் கழித்துத் தேர்வானவர்களின் நம்பரை ஆபீஸ் சுவரில் ஒட்டுவார்கள் என்றார்கள். தனியாக ரயிலேறிப் போனேன். இரண்டாவது தாளில், மேலிருந்து ஏழாவது, என் நம்பர். அந்தச் சுவருக்கு முன்னால் நின்று அதை மறுபடி மறுபடி படித்தேன். விமானம், தெரியாத ஊர், தெரியாத பாஷை, தனியாக ஓர் அறை. சந்தோஷம் ஒரு பொட்டும் இல்லை, பயம் மட்டும்தான். வீட்டுக்கு வந்து, "எனக்க நம்பர் இல்ல" என்று சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பணக் கஷ்டத்தால் வீட்டிலிருந்து ஒரு ஆள் போயே ஆக வேண்டும் என்கிற நிலைமை அப்போது. இரண்டு வருடம் கழித்து, அடுத்த தடவை தங்கை போய் எழுதினாள். தேர்வானாள். போனாள். அதே வருடம் எனக்குக் கல்யாணம் நடந்தது.

யாருக்கும் சொல்லவில்லை. கணவருக்குக்கூட. ஒவ்வொரு தடவை அவள் விமானம் ஏறும்போதும், திருவனந்தபுரத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதும், அது நான் போக வேண்டிய வரிசை என்று நினைப்பேன். அவளுக்கு ஒரு வரன் அமையாமல் போகும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போகும். நான் போயிருந்தால் அவள் இங்கே இருந்திருப்பாள். எனக்கு வாய்த்த வீடும் பிள்ளையும் அவளுக்கு வாய்த்திருக்கும். பதினெட்டு வருடமாக இந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பார்த்த எபிசோடில் நாயகி அந்த மற்ற உலகத்துக்குப் போகிறாள். அங்கே அவளுடைய முகத்தோடேயே ஒருத்தி இருக்கிறாள். கையுறை கிடையாது, சண்டை கிடையாது. தோட்டத்தில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நாயகிக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தத் தோட்டத்தையே மிதித்து அழிக்கிறாள்.

தங்கை அவலை மென்றுகொண்டே கேட்டாள்: "இவளுக்கு என்னத்துக்கு இவ்வளவு கோவம்? அவ என்ன, இவளுக்க எடத்தையா எடுத்தா?"

எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கொச்சியில பாத்துட்டு வந்து, எனக்க நம்பர் இல்லன்னு சொன்னேன்லா. இருந்துது. பயந்துபோய் மறச்சிட்டேன்."

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் அங்க போன மொத மாசமே தெரியும். உன்கூட இண்டர்வியூக்கு வந்த ஒரு சேச்சி எனக்க வார்டுலதான் இருந்தா. 'உனக்க அக்காவுக்குக் கிட்டிச்சே, அவ ஏன் வரல்ல'ன்னு கேட்டா."

கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "பின்ன நீ எங்கிட்ட ஒண்ணும் கேக்கல்லியே."

"கேட்டா நீ அழுவ. வாரத்துக்கு ஒருக்க அஞ்சு நிமிசம் போன் பேசுவோம். அந்த அஞ்சு நிமிசமும் நீ அழுகத நான் கேக்கவா? ரெண்டு வருசம் நல்ல கோவம் இருந்துது. பெறகு எனக்கு நெறைய சோலி வந்து, அது போச்சு."

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை. பதினெட்டு வருடமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது மொத்தமும் வெளியே வந்தது. நான் போயிருந்தால் நீ இங்கே இருந்திருப்பாய், உனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், பிள்ளைகள் இருக்கும், இந்தக் கால்கூட உடைந்திருக்காது, உன் வாழ்க்கையை நான் இப்படி ஆக்கிவிட்டேன் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

"இப்படி ஆக்கிட்டியா? எப்படி?"

நான் டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"ஏன்க்கா, நான் யாரு உனக்கு? நீ வேண்டாம்னு விட்ட வாழ்க்கைய வாழ அனுப்பின ஆளா? உனக்க மிச்சமா நான்?"

"அப்படி இல்லட்டி..."

"அப்படித்தான். கல்யாணம் வேண்டாம்னு சொன்னது நான். ஒருத்தன் இல்ல, நாலுபேரு வந்து கேட்டாவ. எனக்கு வேண்டாம்னு இருந்துது, வேண்டாம்னேன். நீ பாவம் செய்ததுனால எனக்குக் கல்யாணம் நடக்கல்லன்னு நீயா எழுதி வச்சிருக்க. ஒண்ணு தெரிஞ்சிக்க, எனக்கு அங்க போகணும்னு ஆசை இருந்துது. நீ தோத்துட்டேன்னு வந்து சொன்ன அன்னைக்கு உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டவ நான். அத நான் உங்கிட்ட எப்பமாவது சொன்னேனா?"

பிறகு ஊன்றுகோலை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

இரண்டு நாள் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள், சாப்பிட்டாள், போனாள். என் கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீன் கொள்ளாம், நல்ல ருசி என்று சொல்லி எழுந்துவிட்டார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அவளுக்குத் தெரியும், மன்னித்தும்விட்டாள், என்னால் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் எனக்கு முன்னைவிட மோசமாக இருந்தது. இத்தனை வருடமும் இந்தக் குற்றத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறேன். அதை அவள் பிடுங்கிவிட்டாள். கை சும்மா இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவருக்கு அரை மணி நேரத்துக்குள் மூன்று தடவை பிரஷர் பார்த்தேன். "சிஸ்டர், இப்பத்தானே பாத்திய. எனக்கு வல்லதும் ஆயிப்போச்சா?" என்று அவர் பயந்துபோய்க் கேட்டார்.

மூன்றாம் நாள் காலண்டர் தாள்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். தொடருக்காகப் போட்ட கோடுகளின் ஓரத்தில், எப்போது எழுதினேன் என்றே தெரியாமல், வேறு கோடுகளும் போட்டுவைத்திருந்தேன். கொச்சி. அங்கிருந்து இரண்டு கிளை. ஒன்றில் நான் போகிறேன், ஒன்றில் நான் போகவில்லை. இரண்டு கிளையிலும் 'நான்' என்றுதான் எழுதியிருந்தது. தங்கை பெயர் ஒரு கிளையிலும் இல்லை. அந்தத் தாளை மட்டும் நாலாக மடித்து அடுப்பில் போட்டேன்.

ஜூலை கடைசியில் கட்டுப் பிரித்தார்கள். கால் மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது. அவள் தினமும் முற்றத்தில் நடந்து பழகினாள். பேச்சும் மெல்ல மெல்லப் பழையபடி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "எனக்குச் சிதறால் மலையில ஏறணும்" என்றாள்.

"இந்தக் காலோடயா?"

"ஏற முடிஞ்ச அளவு ஏறலாம். முடியாட்டா இருக்கலாம்."

கணவர் காரில் கொண்டுபோய் அடிவாரத்தில் இறக்கிவிட்டு, பேச்சிப்பாறைப் பக்கம் ஷீட் பார்க்கப் போய்விட்டார். கல் பாவிய பாதை, இரண்டு பக்கமும் கொல்லாமரம் என்கிற முந்திரி மரங்கள். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதிக்குக் கொஞ்சம் மேலே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். கீழே தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். கடைசியில் வாயில் வந்தது இதுதான்:

"நீ இருக்க வீட்டுல சன்னல் எந்தப் பக்கம் இருக்கு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன கேள்விக்கா இது?"

"எனக்குத் தெரியாதுல்லா. நான் கேட்டதே இல்லியே."

கேட்டதே இல்லை. சாப்பிட்டியா, உடம்பு எப்படி, எப்போது வருவாய், இவ்வளவுதான் பதினெட்டு வருடமும். அங்கே அவள் இருக்கிற அறை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நான் அங்கே போயிருந்தால் எப்படி இருந்திருப்பேன் என்று கற்பனை செய்து கட்டிய அறை அது. இருட்டு, இரும்புக் கட்டில், மூலையில் ஒரு பெட்டி, அழுகை.

"கிழக்கு" என்றாள். "விடிஞ்சா வெயில் நேரே மொகத்துல அடிக்கும். திரை வாங்கிப் போட்டேன், பூனை கிழிச்சிட்டு."

"பூனை வளக்குதியா?"

"நான் வளக்கல்ல. அது வந்து இருக்கு."

பிறகு அவளாகவே சொல்லிக்கொண்டு போனாள். கார் ஓட்டுவதற்கான பரீட்சையில் ஐந்து தடவை தோற்று ஆறாவது தடவை ஜெயித்தது. குறைமாதக் குழந்தைகள் வார்டில், உள்ளங்கை அளவு இருந்த ஒரு பிள்ளையை மூன்று மாதம் பார்த்து வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் பிள்ளைக்கு இப்போது பத்து வயதாம், வருடா வருடம் பிறந்தநாளுக்கு அவளைக் கூப்பிடுகிறார்களாம். வெள்ளிக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவில் ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடுவது அவள்தானாம். என் தங்கை பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் இருந்தபோது வாயைத் திறக்க மாட்டாள்.

"பாடு பாப்போம்" என்றேன்.

"இந்தப் பாறையிலயா? சும்மா இரி."

கல்வெட்டும் சமணச் சிற்பமும் இருக்கிற உச்சிக்கு அன்றைக்கு நாங்கள் போகவில்லை. இறங்கும்போது அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து ஐஸ் வைத்தேன். மூன்றாவது சீசனில் மீதி இருந்ததை அந்த வாரத்தில் பார்த்து முடித்தோம். நாயகி கடைசியில் அந்தப் பையனை அவனுடைய உலகத்துக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறாள். தங்கை அழுதாள். நான் அழவில்லை. ஆனால் ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லாமல் பார்த்தேன்.

செப்டம்பரில் அவள் போனாள். அடுத்த வாரமே நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன். இண்டர்வியூவுக்காக எடுத்த பழையது ஒரு முத்திரையும் விழாமல் காலாவதியாகி எத்தனையோ காலமாகிவிட்டது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் வாசலில் நின்று, "எங்க போறியம்மா, வேலைக்கா?" என்றார்.

"இல்ல. தங்கச்சிய பாத்துட்டு வர."

டிசம்பரில் பத்து நாள் விடுப்பு எடுத்து, கணவரோடு ஷார்ஜாவுக்குப் போனேன். விமானத்தைவிட்டு இறங்கியபோது அவர் கையில் என் நகம் பதிந்த தடம் இருந்தது. இரண்டாம் நாள் தங்கை டியூட்டிக்குப் போய்விட்டாள், கணவர் தூங்கிவிட்டார். எனக்கு உள்ளே இருக்க முடியவில்லை. போனைக்கூட எடுக்காமல் கீழே இறங்கி நடந்தேன். நாலு திருப்பம் திரும்பியதும் எல்லாக் கட்டடமும் ஒன்றுபோல ஆகிவிட்டது. அதே மஞ்சள் சுவர், அதே வரிசை ஏசி. எது அவளுடைய கட்டடம் என்று தெரியாமல் ஒரு மணி நேரம் சுற்றினேன். கடைசியில் ஒரு மலையாளியின் பலசரக்குக் கடையில் ஏறி, அவள் நம்பரைச் சொல்லிப் போன் போட்டுத் தரச் சொன்னேன். டியூட்டி முடிந்து வந்தவள், உடுப்புக்கூட மாற்றாமல் காரைக் கொண்டுவந்து கடைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"சொல்லாம எதுக்குக்கா எறங்கிப்போன?"

"இருக்க முடியல்ல."

"உனக்கு எங்கயும் இருக்க முடியாது. ஏறு."

ஏறினேன். அவள் ஒரு கையால் வண்டியைத் திருப்பி, பெரிய சாலைக்குள் நுழைந்தாள். ஆறு வரிசையில் வண்டிகள் பறந்தன. நான் பயத்தில் காலை அழுத்தி அழுத்தி, என் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு, கேட்காமலேயே, வெள்ளிக்கிழமை பாட வேண்டிய பாட்டை மெல்ல முனகத் தொடங்கினாள்.